பதிவேடும் பரம்பரையும்: ஒல்லாந்த மரபு தேடும் எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

மூதாதையரைத் தேடுதல் என்பது பெரும்பாலும் புகழுடைய மூதாதையரைத் தேடுதலாகவே முடிந்துவிடுகின்றது. இலங்கையின் ஒல்லாந்தப் பறங்கியர் மரபு பற்றிய எழுத்துக்களை நோக்குமிடத்து இது தெளிவாகும். 1602 முதல் 1795 வரை கம்பனியின் கப்பல்களிற் கீழைத்தேயம் நோக்கி வந்தோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். அவர்களுட் பெரும்பாலோர் கூலிக்கு அமர்ந்த மாலுமிகளும் போர்வீரருமே. தச்சரும் கொல்லரும் அவர்களோடு வந்தனர். ஒல்லாந்து நாட்டவரல்லாத ஜெர்மானியரும் பிறரும் அவர்களுட் கணிசமானோர். ஆயினும் குடும்ப வரலாறுகளைப் படிப்போருக்கு, வந்தவரெல்லாம் தளபதியரும் வணிகருமே என்ற மயக்கம் ஏற்படுதல் இயல்பு.

இவ்வேறுபாடு ஒல்லாந்தரோடு தொடங்கியதன்று. திருகோணமலைத் துறைமுகத்திற்கு வடக்கேயுள்ள திரியாய்க் குன்றில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்திற் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டொன்று உள்ளது. அங்குள்ள சைத்தியத்தை எடுப்பித்த வணிக கணத்தாரின் பெயரை அது கூறுகின்றது. குன்றிற்குக் கல் சுமந்தவர் எவரையும் அது கூறவில்லை. கல்வெட்டு கொடை கொடுத்தோருக்கானது. கூலி பெற்றோருக்கு வேறோர் ஆவணம் வேண்டியிருந்தது.

அவ்வாவணத்தைக் கம்பனியே உண்டாக்கியது. கப்பற் சம்பளப் பேரேடு ஒவ்வொரு மாலுமியின் பெயர், ஊர், தொழில், கடன், சேவை முடிந்த விதம் ஆகியவற்றைக் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டிற்குரிய ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட இத்தகைய பதிவுகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பின்னர் நெப்போலியன் ஆட்சியில், 1811 அளவில், நெதர்லாந்து முழுவதும் குடிசார் பதிவு நடைமுறைக்கு வந்தது. பிறப்பை அறிவிக்கத் தந்தை இரு சாட்சிகளுடன் வந்தான். அவர்தம் வயதும் தொழிலும் எழுதப்பட்டன. கையொப்பமிட அறியாதவன் 'எழுத அறியேன்' எனக் கூறினான் என்பதும் எழுதப்பட்டது. இறப்புப் பதிவு இறந்தவரின் பெற்றோரைச் சுட்டுவதால், ஒரு தலைமுறையிலிருந்து அதற்கு முந்திய தலைமுறைக்கு ஏறிச் செல்ல அதுவே படியாகின்றது. நாட்கூலியாளன் ஒருவனின் வாழ்வில் அரசு அவனை உற்றுநோக்கிய வேளைகள் மிகச் சிலவே. அவ்வேளைகளே இன்று எஞ்சியுள்ளன.

ஆனால் இப்பதிவுகளில் எதுவும் அவனை நினைவுகூர்வதற்காக எழுதப்பட்டதன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கம்பனி கடனைக் கணக்கிட எழுதியது. அரசு வரிக்கும் படைக்கு ஆள் எடுப்பதற்கும் எழுதியது. ஆகவே பதிவேட்டை நம்பும் எழுத்தாளன் அதன் நோக்கத்திற்கு எதிராக அதனைப் படிக்க வேண்டியவனாகின்றான். இலங்கையில் இதனைச் செய்தவர் யார் என்பதே வினா.

ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகை 1908 தொடக்கம் வெளியிட்ட வம்சாவளிகள் உழைப்பிற் குறைந்தவையல்ல. தேவாலய ஏடுகளிலிருந்தும் கம்பனி ஆவணங்களிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை மீட்டெடுத்தமை பெரும் பணியேயாகும். எனினும் அங்கத்துவம் தந்தைவழி ஐரோப்பியத் தோற்றத்தில் தங்கியிருந்தமையால், பதிவேடு அங்கு உரித்துறுதியாகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்தவனுக்கு ஊரும் கப்பலும் ஆண்டும் உண்டு. அவன் மணந்த உள்ளூர்ப் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஞானஸ்நானப் பெயர் ஒன்றே உண்டு. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் போர்த்துக்கேயக் கிரியோலைப் பேசித் தச்சுத் தொழிலும் கொல்லுத் தொழிலும் செய்துவந்த பறங்கியர் இவ்வரம்பிற்கு வெளியே நின்றனர்.

மைக்கல் ஒண்டாச்சியின் 'ரன்னிங் இன் த ஃபமிலி' (1982) இவ்வம்சாவளி மரபை எள்ளி நகையாடுவதுபோலத் தோன்றும் நூல். கொழும்புத் தேவாலயத்தின் கற்பலகைகளிலும் பூச்சியரித்த ஏடுகளிலும் ஆசிரியர் தம் குடும்பப் பெயரைக் காணும் பகுதி அதன் சிறந்த பகுதிகளுள் ஒன்று. முதல் ஒண்டாச்சி தஞ்சாவூரிலிருந்து வந்த மருத்துவர் என்பது குடும்ப மரபு. ஆகவே 'ஒல்லாந்த' ஏட்டைத் திறந்தவர் அங்கு ஒரு தமிழரைக் காண்கின்றார். இம்முரண் ஒன்றே தூய வம்சம் பேசுவோருக்குத் தக்க மறுமொழியாகும். ஆயினும் அவர் காண்பது தம் பெயரையே. அதே ஏட்டில் அடுத்த வரியிலுள்ள பெயர் எவருடையது என்று நூல் கேட்பதில்லை. திருகோணமலையும் அதில் தந்தையின் குடிபோதையில் அல்லற்பட்ட புகைவண்டியின் எல்லையாகவே வருகின்றது. அவ்வண்டியை ஓட்டியவனுக்கு வரலாறில்லை.

வண்டி ஓட்டியவனின் வரலாற்றை எழுதியவர் கார்ல் முல்லர். 'த ஜாம் ஃப்ரூட் ட்ரீ' (1993) புகையிரதத் தொழிலாளரான வொன் பிளொஸ் குடும்பத்தின் கதை. ஒண்டாச்சி தம் தாயின் குடும்பப் பெயரால் நிறுவிய கிரேஷியன் பரிசை அது பகிர்ந்து பெற்றமை சுவையானதொரு செய்தி. முல்லரின் மாந்தர் உண்பர், குடிப்பர், அடிபடுவர், பிள்ளை பெறுவர். பெயருக்குரிய பெருமிதம் அவர்களிடம் இல்லை. கொச்சை மிகுதி என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் உழைப்பாளனுக்கு உடலைக் கொடுத்தவர் அவரே. அவரிடம் இல்லாதது ஆவணம். ஒண்டாச்சியிடம் ஏடு உண்டு, உழைப்பாளன் இல்லை. முல்லரிடம் உழைப்பாளன் உண்டு, ஏடு இல்லை.

இக்குறை வெறும் இலக்கியக் குறையன்று என்பதைத் திரியாயிலிருந்து நோக்குவோர் எளிதில் உணர்வர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தனர் என நிறுவுதல் பலருக்கு வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று. பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்பவற்றுக்குக் கூடு ஏற்பட்டது; மலையகத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நாடற்றோராயினர். அவர்களுக்கு மூதாதையர் தேடல் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1985இல் திரியாயில் வீடுகள் எரிக்கப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது, எரிந்தது கூரை மட்டுமன்று; பெட்டிகளில் இருந்த உறுதிகளும் சான்றிதழ்களும் கூடவே எரிவது இத்தகைய அழிவின் இயல்பு. கம்பனி மாலுமியின் ஏடு எஞ்சியதற்கு அதன் படி ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டமையே காரணம். திரியாயின் விவசாயிக்கும் கச்சேரியில் இருக்கும் படியே துணை. அது கிடையாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் பெற்று, ஊகித்த ஒரு வயதோடு அவன் வாழவேண்டியவனாகின்றான்.

2016இல் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் 'காணப்படாமைச் சான்றிதழ்' என்ற புதிய ஆவணமொன்றைத் தோற்றுவித்தது. பிறப்பேட்டில் உள்ளவர், இறப்பேட்டில் இல்லாதவர், வீட்டிலும் இல்லாதவர். அவரை அரசு எழுதிக்கொள்ளும் முறை அது. நூறு ஆண்டுகளின் பின் ஒரு பேரப்பிள்ளை அத்தாளை எடுத்துப் படிக்கும்போது, அதற்குரிய கதையை ஒண்டாச்சியின் கற்பனையாலோ முல்லரின் ஆரவாரத்தாலோ நிரப்ப முடியாது.