விற்பவர் நிற்குமிடம்: கலைக்கூடமே படைப்பான மூன்று கண்காட்சிகள்

முன்னுரை

விற்பனைக் கலைக்கூடம் இரு பணிகளை ஒருங்கே ஆற்றுவது. அது படைப்பைப் பார்வைக்கு வைக்கிறது. அதே படைப்பை விலைக்கும் வைக்கிறது. முதற்பணி அனைவரும் காண முன்னறையில் நிகழ்கிறது. இரண்டாம் பணி பெரும்பாலும் பின்னறையில், சிலர் மட்டுமே அறிய நிகழ்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கலைஞர் சிலர் கூடத்தில் படைப்புகளை மாட்டுவதை விடுத்துக் கூடத்தையே படைப்பாக்கினர். ஈவ் க்ளெய்ன் (1958), அர்மான் (1960), மைக்கேல் ஆஷர் (1974) ஆகியோரின் கண்காட்சிகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. விற்பதற்குரிய ஓவியம் எதுவும் சுவரில் இல்லை என்னும் ஒற்றுமை கருதி, இம்மூன்றையும் கலைச்சந்தைக்கு எதிரான செயல்களாக ஒரே வரிசையில் வைப்பது எளிது. அவ்வரிசை பொருந்துமா என்பதை, விற்பவர் இக்கண்காட்சிகளில் எங்கே நிற்கிறார் என்னும் வினாவைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வெறுமையின் விலை

1958 ஏப்ரல் 28 அன்று, தம் முப்பதாம் பிறந்தநாளில், க்ளெய்ன் பாரிசின் ஈரிஸ் கிளெர் கலைக்கூடத்தில் 'வெறுமை' எனப் பெயர்பெற்ற கண்காட்சியைத் திறந்தார். அறையின் பொருள்கள் ஏறத்தாழ முழுதும் அகற்றப்பட்டன. சுவர்களுக்கு அவரே வெண்ணிறம் பூசினார். தெருவை நோக்கிய கண்ணாடி நீலமாயிற்று. நீலத்திரையைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. வாயிலில் சீருடைக் காவலர் நின்றனர். வந்தோருக்கு நீலநிறப் பானம் வழங்கப்பட்டது. அழைப்பிதழ் இல்லாதோருக்கு 1,500 பிராங்கு நுழைவுக் கட்டணம் எனவும் அறிவிக்கப்பட்டிருந்தது.

இவ்வேற்பாட்டில் இல்லாமற்போனவை ஓவியங்கள் மட்டுமே. அழைப்பு, திறப்புவிழா, வாயிற்காவல், கட்டணம் என ஒரு கூடம் தன் பொருளுக்கு மதிப்பேற்றும் வழிகள் அனைத்தும் முன்னிலும் வலுப்பெற்றிருந்தன. பொருளை நீக்கினாலும் மதிப்பு நிலைக்கும் என்பதே இக்கண்காட்சி மெய்ப்பித்த செய்தி. அதன் தொடர்ச்சியாக, 1959 முதல் க்ளெய்ன் கண்ணுக்குப் புலப்படாத 'ஓவிய உணர்வுப் பகுதி'களைப் பொன்னுக்கு விற்றுப் பற்றுச்சீட்டு வழங்கினார். வாங்கியவர் சீட்டை எரித்தால், பெற்ற பொன்னில் பாதியைக் கலைஞர் ஆற்றில் எறிவார். அச்சடங்கிற்கு அருங்காட்சியக இயக்குநரோ, அறியப்பட்ட கலை வணிகரோ, விமர்சகரோ உடனிருக்க வேண்டும் என்பது விதி. சந்தையைத் துறக்கும் சடங்கிற்குச் சந்தையில் மதிப்பை உறுதிசெய்வோரே சாட்சிகளாயினர். இங்கு வணிகம் மறையவில்லை, துறவுக்கோலம் பூண்டது. விற்பவர் திரைக்குப் பின்னால் நின்றார்.

கண்ணாடிக்கு அப்பாலுள்ள குப்பை

ஈராண்டுகளுக்குப் பின், 1960 அக்டோபரில், அதே கூடத்தில் அர்மான் 'நிறைவு' என்னும் கண்காட்சியை அமைத்தார். தலைப்பே க்ளெய்னுக்கான மறுமொழி. கழிவுகளும் பயன்படுத்தி எறிந்த பண்டங்களும் கூடத்தை அடைத்து நின்றன. உள்ளே நுழைய இயலாத பார்வையாளர் தெருவில் நின்று கண்ணாடிவழிக் கண்டனர். அழைப்பிதழ், மத்தி மீன் அடைக்கும் தகரப்பெட்டி வடிவில் அனுப்பப்பட்டது.

க்ளெய்ன் மூடிய கண்ணாடியை அர்மான் திறந்துவிட்டார் எனலாம். கூடம் தன்னை ஒரு கடையாக, அதன் முகப்பைக் கடைக்கண்ணாடியாக வெளிப்படுத்திய தருணம் இது. வாங்கி, நுகர்ந்து, எறியப்பட்ட பண்டங்கள் மீண்டும் கடைக்கண்ணாடிக்குப் பின் அமர்ந்தபோது, பண்டத்திற்கும் கலைப்பொருளுக்கும் இடையிலான எல்லை கேள்விக்குள்ளாயிற்று. ஆயினும் இக்கேள்வி பண்டத்தைப் பற்றியதே அன்றி விற்பவரைப் பற்றியதன்று. குப்பை கூடத்தை நிறைத்தபோது விற்பவர் நிற்க இடமே இல்லை. மேலும், அழைப்பிதழாக வந்த தகரப்பெட்டி இன்று அருங்காட்சியகச் சேகரிப்பில் இடம்பெறும் கலைப்பொருள். எறியப்பட்டதைக் காட்டிய கண்காட்சியின் அழைப்பிதழே எறியப்படாமல் மதிப்புப் பெற்றது.

அகற்றப்பட்ட சுவர்

1974-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிளேர் கோப்லி கலைக்கூடத்தில் ஆஷர் எதையும் சேர்க்கவில்லை. காட்சியறையையும் அலுவலகத்தையும் பிரித்த தடுப்புச்சுவரை மட்டும் அகற்றினார். அகற்றியதன் தழும்பு தெரியாதவாறு பரப்புகள் சீராக்கப்பட்டன. உள்ளே வந்தோர் கண்டது வெற்றறையையும், அதன் கோடியில் மேசையருகே தம் அன்றாடப் பணியைச் செய்துகொண்டிருந்த கோப்லியையும், சேமித்து வைக்கப்பட்டிருந்த பிற கலைஞர்களின் படைப்புகளையுமே.

காட்சிக்கூடத்தின் வெண்சுவர் நடுநிலையானதன்று என்னும் வாதத்தைப் பிரையன் ஓடோகர்ட்டி 'ஆர்ட்ஃபோரம்' இதழில் 1976-இல் விரிவாக எழுதினார். அதற்கு ஈராண்டுகள் முன்பே ஆஷரின் செயல் அவ்வாதத்தின் ஒரு பகுதியைக் கண்கூடாக்கிற்று. வெண்சுவர் எதை ஏந்துகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்பதும் இங்கு வினாவாயிற்று. மூன்று கண்காட்சிகளுள் இதில் மட்டுமே விற்பவர் பார்வையாளரின் எதிரே அமர்ந்திருந்தார்.

மறுப்பும் வரம்பும்

ஆஷரின் வெளிப்படுத்தலும் முழுமையானதன்று என வாதிடலாம். அவ்வாதம் ஏற்கத்தக்கதே. மேசை தெரிந்தது, அதன் மீதான கணக்கேடு திறக்கப்படவில்லை. விலை, வாங்குவோர், கலைஞருக்கும் கூடத்திற்கும் உரிய பங்கு ஆகியன பார்வைக்கு வரவில்லை. தவிர, இச்செயலுக்கு இசைவளித்தவர் கூடத்தின் உரிமையாளரே. தன்னை விமர்சிக்க இடமளிப்பதும் ஒரு கூடத்திற்கு நற்பெயர் தேடித் தரும். எனினும் உழைப்பு கண்ணுக்குத் தெரிவது கணக்கு தெரிவதற்கான முதற்படி. அம்முதற்படியை ஏனைய இரண்டும் எடுத்து வைக்கவில்லை.

முடிவுரை

வெறுமை, நிறைவு, திறப்பு ஆகிய மூன்றும் சந்தை எதிர்ப்பின் ஒரே வடிவங்கள் அல்ல. க்ளெய்னின் வெறுமை, பொருளின்றியும் விலை இயங்கும் எனக் காட்டியது. அர்மானின் குவியல் பண்டத்தைக் காட்டிற்று, பரிமாற்றத்தைக் காட்டவில்லை. ஆஷரின் கண்காட்சியே பரிமாற்றம் நிகழும் இடத்தைக் காட்சிக்கு உட்படுத்தியது. எனவே ஒரு கண்காட்சி சந்தையை எதிர்க்கிறதா என்பதைச் சுவரில் விற்பனைப் பொருள் இல்லை என்னும் சான்றைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது. கண்காட்சித் திறனாய்வு, மாட்டப்பட்ட படைப்போடு நின்றுவிடாமல், அது எவரால், எந்த ஏற்பாட்டில் விலைக்கு வருகிறது என்பதையும் தன் ஆய்வுப்பொருளாகக் கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்ளாத திறனாய்வு, ஆஷர் அகற்றிய சுவரை மீண்டும் எழுப்புவதாகவே அமையும்.