மக்கள் கருத்தை அளக்கும் கருவி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் செல்பவர்கள், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைப் பார்த்திருப்பார்கள். 2013-இல் தொடங்கிய முதல் நிலையம் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறன் கொண்டது. 2024-இல் திறக்கப்பட்ட இரண்டாவது நிலையத்தின் திறன் 15 கோடி லிட்டர். இந்தப் பக்கத்தில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, அளவீடு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கடல்தான் எடுத்துக்காட்டு.

"கடல்நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது?" என்று கேட்டால், "லிட்டருக்குச் சுமார் 35 கிராம்" என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு முகவையை எடுத்துச் சென்று நீங்களே அளந்து பாருங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு, கழிமுகத்தின் அருகே மேல்நீரை மொண்டால் அளவு குறைந்திருக்கும். குடிநீரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் உவர்நீர் கடலில் விழும் குழாயின் வாயருகே மொண்டால் அளவு கூடியிருக்கும். கருவியில் பிழை இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. முகவையை எங்கே தோய்த்தோம் என்பதில்தான் வேறுபாடு.

இந்தப் பாடம் கடலுக்கு மட்டும் உரியதன்று. அரசியல் சீர்திருத்தங்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இணையத்தின் வழியாகக் கேட்டறியும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதுவும் ஓர் அளவுகருவியே. எந்தக் கருவியையும் சோதித்த பிறகே ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துகிறோம். இந்தக் கருவியையும் அவ்வாறே சோதித்துப் பார்ப்போம்.

கருவி எப்படி வந்தது?

முன்பெல்லாம் ஒரு சட்டத்தின் முன்வரைவை அரசிதழைத் தேடிப் படிப்பவர் மட்டுமே அறிவார். 2014 பிப்ரவரியில் நடுவண் அரசின் சட்ட அமைச்சகம் ஒரு கொள்கையைச் சுற்றுக்கு விட்டது. சட்ட முன்வரைவுகளைக் குறைந்தது 30 நாள்களுக்கு இணையத்தில் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் 'மை கவ்' என்னும் அரசு இணையதளம் தொடங்கப்பட்டது. குடிமக்கள் யோசனை கூறலாம்; பிறர் கூறியவற்றைப் படிக்கலாம்; தம் கருத்தைச் சேர்க்கலாம்.

இது நல்ல வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. நெம்மேலியில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு மாணவி, தில்லியில் உருவாகும் விதியைத் தன் கைப்பேசியில் படித்து, "இந்தப் பிரிவு சரியில்லை" என்று எழுதி அனுப்ப முடிகிறது. அவளுடைய பாட்டனாருக்கு இந்த வாய்ப்பு இருந்ததில்லை. ஆகவே, கருவி வேண்டாம் என்பது என் வாதமன்று. அது காட்டும் அளவை எவ்வளவு நம்பலாம் என்பதே கேள்வி.

முதற் சோதனை: முகவை எங்கே தோய்ந்தது?

நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே காலத்தில் தேர்தல் நடத்துவது குறித்து, முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான உயர்நிலைக் குழு 2024 ஜனவரி 5-ஆம் நாள் மக்களின் கருத்தைக் கேட்டது. இணையதளம், மின்னஞ்சல், அஞ்சல் ஆகியவற்றின் வழியே ஜனவரி 15-க்குள் எழுதவேண்டும். மொத்தம் 21,558 பதில்கள் வந்தன என்றும், அவற்றில் 80 விழுக்காடு ஆதரவானவை என்றும் குழுவின் அறிக்கை கூறுகிறது.

அத்திட்டம் நல்லதா, தீயதா என்பது இங்கே நம் ஆராய்ச்சி அன்று. 80 என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நாட்டில் ஏறத்தாழ 97 கோடி வாக்காளர்கள் இருந்தனர். அதாவது, சுமார் 45,000 வாக்காளருக்கு ஒரு பதில். "இவ்வளவு குறைந்த பேரை வைத்து முடிவு சொல்லலாமா?" என்று நீங்கள் கேட்கலாம்.

வியப்பு என்னவென்றால், 21,558 என்பது குறைந்த எண்ணிக்கையே அன்று! குலுக்கல் முறையில் அத்தனை பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டிருந்தால், கிடைக்கும் விழுக்காட்டில் பிழை ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கும். குறை எண்ணிக்கையில் இல்லை. அவர்களை யாரும் குலுக்கித் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்களாகவே முன்வந்தார்கள். பத்து நாள்களுக்குள் செய்தி அறிந்து, எழுதும் ஆர்வமும் வசதியும் உடையவர்கள் மட்டுமே முகவைக்குள் வந்தார்கள்.

வெர்னியர் அளவியில் சுழிப்பிழை இருந்தால், நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் அப்பிழை போகாது என்பதை மாணவர்கள் அறிவார்கள். தற்செயல் பிழை, அளவீடுகள் பெருகப் பெருகக் குறையும். ஒரு பக்கமாகச் சாய்ந்த பிழை குறையாது. இதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ், தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்து ஒரு கோடிப் பேருக்குச் சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-ஐ வென்றவர் ரூஸ்வெல்ட்! பொருளாதார மந்தம் வாட்டிய அக்காலத்தில், காரும் தொலைபேசியும் இல்லாதவர்கள் வேறு விதமாக நினைத்தார்கள்.

நம் நாட்டில் இன்று அந்தத் தொலைபேசியின் இடத்தில் இணையம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 விழுக்காடு. பெண்களில் 33 விழுக்காடு மட்டுமே. அதன் பிறகு இந்த அளவு உயர்ந்திருக்கும். ஆனாலும் கைப்பேசி வைத்திருப்பது வேறு. சட்ட முன்வரைவைப் படித்துப் பதில் எழுதுவது வேறு.

மொழியும் ஒரு வடிகட்டி

2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கான புதிய வரைவு வெளிவந்தது. ஓர் ஆலையோ துறைமுகமோ வருமுன் அவ்வூர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு, 30 நாள் அவகாசம் என்று இருந்ததை 20 நாளாகக் குறைக்க அது முன்மொழிந்தது. கடற்கரையில் வாழ்வோருக்கு இதைவிட நேரடியான செய்தி வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் அதை மொழிபெயர்க்கவேண்டும் என்றும், கருத்துக் கூறும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டிக்கவேண்டும் என்றும் தில்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30-ஆம் நாள் ஆணையிட வேண்டியிருந்தது.

அந்த ஊரடங்கு நாள்களில் என் மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். அவன் தந்தை கட்டுமரம் ஓட்டியவர். இப்போது ஃபைபர் படகில் போகிறார். "சார், அப்பா கேக்கறாரு. அதுல நம்ம கரையைப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றான். ஆங்கில வரைவைக் கணினித் திரையில் வைத்துக்கொண்டு, பிரிவு பிரிவாகத் தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்டபின் தந்தையே பேசினார். "கூட்டத்துக்கு இருபது நாள் போதாது, சார். மீன்பாடு காலத்துல பாதிப் பேரு கரையில இருக்க மாட்டோம்" என்றார். அந்த வரைவுக்கு இலட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் சென்றன. ஆனால் நான் கேட்ட மிகத் தெளிவான மறுப்பு, மின்னஞ்சல் முகவரியே இல்லாத ஒருவரிடமிருந்து வந்தது. அதை மகன் எழுதி அனுப்பினான். கேட்க மகன் இல்லாதவர்களின் மறுப்புகள் எங்கே போயிருக்கும்?

இரண்டாம் சோதனை: தனித்தனி அளவீடுகளா?

1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரச் சந்தையில் ஒரு காளையின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. படிக்க முடிந்த 787 சீட்டுகளைப் பிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்து மறு ஆண்டு வெளியிட்டார். வரிசையின் நடுவே நின்ற ஊகம் 1,207 பவுண்டு; உண்மை எடை 1,198 பவுண்டு. பிழை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு!

கூட்டத்தின் அறிவுக்குச் சான்றாக இதைப் பலரும் காட்டுவார்கள். ஆனால் ஒரு நிபந்தனையை மறந்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் பிறர் சீட்டைப் பாராமல் எழுதினார்கள். அதனால் ஒருவர் கூட்டிச் சொன்ன பிழையை மற்றொருவர் குறைத்துச் சொன்ன பிழை ஈடுசெய்தது.

இதை உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கருங்கல்லைக் காட்டி அதன் நிறையை முதலில் ஒவ்வொருவரும் மறைவாகச் சீட்டில் எழுதட்டும். பிறகு வேறொரு கல்லைக் காட்டி ஒவ்வொருவராக உரக்கச் சொல்லச் செய்யுங்கள். முதல் மூவர் சொல்வதை ஒட்டியே மற்றவர்கள் சொல்லத் தொடங்குகிறார்களா என்று கவனியுங்கள்.

பெரும்பாலான இணையத் தளங்கள் இரண்டாவது முறையில்தான் இயங்குகின்றன. ஒரு யோசனைக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தனர் என்பது அதன் கீழேயே தெரிகிறது. மிகுதியான விருப்பம் பெற்றது மேலே வருகிறது. மேலே இருப்பதை மேலும் பலர் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியைப் பிடித்தால் வீறிடுகிறதே, அதே பின்னூட்டம்தான் இது. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், இணையத்தில் எழுதப்பட்ட ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகளுள் சிலவற்றுக்கு மட்டும் ஆய்வாளர்களே முதல் ஆதரவு வாக்கைப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு வாக்கினால் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. கருத்துரையின் தரத்துக்கும் இந்த உயர்வுக்கும் தொடர்பே இல்லை.

எண்ணாமல் எடைபோட்ட ஒரு நிகழ்ச்சி

எண்ணிக்கையைக் கடந்து வாதத்தைப் பார்த்த நிகழ்ச்சியும் நம் நாட்டில் உண்டு. சில இணையதளங்களை மட்டும் கட்டணமின்றித் தரலாமா என்பது குறித்து, 2015 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நான்கு கேள்விகளை மக்கள் முன் வைத்தது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. அவற்றில் பெரும்பான்மை, ஃபேஸ்புக் நிறுவனத்தின் திட்டத்தை ஆதரிக்கும் ஒரே வாசகம் கொண்டவை. அவை கேட்ட கேள்விகளுக்கு விடை தரவில்லை என்று ஆணையம் சுட்டிக்காட்டியது. கருத்துக் கேட்பைத் தலை எண்ணும் வாக்கெடுப்பாக்கிவிட்டதாக அந்நிறுவனத்துக்கு எழுதவும் செய்தது. 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், இணையதளத்துக்குத் தக்கபடி கட்டணத்தை வேறுபடுத்துவதைத் தடை செய்து ஆணை வெளியிட்டது.

எதிர்த்தரப்பினரும் ஆயத்த வாசகங்களை அனுப்பியவர்களே. ஒரே வாசகத்தை ஓர் இலட்சம் பேர் அனுப்புவது அக்கறைக்கு அடையாளம், அதை இகழவேண்டியதில்லை. ஆனால் வாதம் என்ற முறையில் அது ஒன்றுதான்.

தைவானில் 2015-இல் ஊபர் வாடகைக் கார்கள் பற்றிய விவாதத்தில் 'போலிஸ்' என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் பிறருக்கு மறுமொழி எழுத வழியில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் 'ஏற்கிறேன், மறுக்கிறேன், கடக்கிறேன்' என்று மட்டுமே சொல்லலாம். மென்பொருள், ஒத்த கருத்துடையோரைக் குழுக்களாகப் பிரித்துக் காட்டி, எதிரெதிரான குழுக்கள் இரண்டுமே ஏற்கும் கூற்றுகளைத் தேடியெடுத்தது. சண்டையைப் பெரிதாக்காமல் பொது இடத்தைத் தேடும் கருவி என்று இதைச் சொல்லலாம். எனினும் தானாக முன்வந்தவர்களையே அளப்பது என்னும் முதற்குறை இதற்கும் உண்டு.

மூன்றாம் சோதனை: முள் யார் பக்கம் காட்டுகிறது?

அளவுகருவியின் முகப்பு அளப்பவருக்குத் தெரியவேண்டும். பின்லாந்தில் 2012 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. ஒரு முன்மொழிவுக்கு ஆறு மாதங்களில் 50,000 பேர் ஆதரவு தந்தால் நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொண்டாக வேண்டும். ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் விடை உண்டு. நம் 2014-ஆம் ஆண்டுக் கொள்கையும் வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் வெளியிடவேண்டும் என்றே கூறுகிறது. ஆனால் அது கொள்கை, சட்டமன்று. என்ன சொன்னார்கள், எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை எழுதுவதற்கு அந்த மீனவரிடம் என்ன சொல்லி ஊக்குவிப்பது?

நாம் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராமசபையிலும் குறைகள் உண்டு. பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் அங்கே அச்சமின்றிப் பேசிவிடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இணையம் தொடாதவர்களை அது தொடுகிறது. இரண்டு கருவிகளின் பிழைகளும் வெவ்வேறு திசையில் இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே அறிவியல் முறை.

இதில் மாணவர்களுக்கு ஒரு பணி இருக்கிறது. உங்கள் ஊரைப் பாதிக்கும் வரைவு ஒன்று வெளிவந்தால், அதை எளிய தமிழில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். கிராமசபைக்கு முன்பே படகுத்துறையிலும் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்திலும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை, எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், காரணத்தோடு குறித்துக்கொண்டு உரிய இணையதளத்தில் பதியுங்கள். யாரிடம், எந்த ஊரில், எந்த நாளில் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முகவையை எங்கே தோய்த்தோம் என்று ஆய்வேட்டில் குறிப்பது போன்றதே இது.

அடுத்த முறை, "மக்களில் இத்தனை விழுக்காட்டினர் ஆதரிக்கிறார்கள்" என்று செய்தித்தாளில் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரைக் கேட்டார்கள்? ஒருவரைப் பார்த்து மற்றவர் சொன்னாரா? சொன்னதற்கு விடை வந்ததா? மூன்றுக்கும் விடை இல்லாத விழுக்காட்டை, சுழிப்பிழை பாராத அளவியின் அளவைப் போலவே கருதவேண்டும்.