உம்மாமார் இல்லாத வம்சாவளிகள்

மறைந்த முன்னோரை நினைவுகூர்தல் மனித இயல்பு. அந்நினைவை ஏட்டில் ஏற்றி வைத்தல் அறிவுடையோர் செயல். நம் சமுதாயத்தில் குடும்ப வரலாறுகளையும் வம்சாவளிப் பட்டியல்களையும் தேடித் தொகுத்து, அச்சிட்டு உறவினர்க்கு வழங்குவோர் உளர். பொருளும் காலமும் செலவிட்டு இப்பணியாற்றும் அவர்கள் நம் நன்றிக்குரியவர்கள். எனினும், இந்நூல்களை வரலாறாக எடைபோட்டுப் பார்ப்பார் அரியர். உறவினர் வெளியிட்ட நூல் என்பதால் புகழ்ந்துரைத்து அமைந்துவிடுகிறோம். அவற்றின் நிறைகுறைகளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இந்நூல்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. அரபகத்திலிருந்தோ எகிப்திலிருந்தோ கப்பலேறி வந்த ஒரு பெரியாரிடம் தொடங்கும். பின்னர் தந்தை, மகன், பேரன் என ஆண்வழிப் பெயர்கள் ஏணிப்படிகள்போல் இறங்கி வரும். இடையிடையே ஆலிம்கள், வள்ளல்கள், கப்பல் வணிகர்கள் பற்றிய புகழுரைகள் இருக்கும்.

இத்தகைய தொன்மைக் கூற்றைச் சோதிக்க எளிய கணக்கொன்று போதும். ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டு எனக் கொண்டால் 1000 ஆண்டுக்கு 33 தலைமுறைகள் வேண்டும். பட்டியலில் 12 பெயர்களே காணப்படின், இருபத்தொருவர் விடுபட்டனர் என்பதே பொருள். அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டு, 'செவிவழிச் செய்தி' எனக் குறிப்பது தொகுப்பாளருக்கு இழுக்கன்று, பெருமையே. பேரனுக்குப் பாட்டனார் பெயரிடும் வழக்கத்தால் இருவர் ஒருவராகிவிடுவதும் உண்டு. ஆண்டுக் கணக்கிலும் விழிப்பு வேண்டும். மீசான் கல்லில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். நெல்லைச் சீமைப் பழம்பத்திரத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகளுக்கே சமம் என்பதை மறந்தால், ஹிஜ்ரிக் கணக்கில் 66 வயதில் மறைந்தவரின் பிறப்பாண்டு இரண்டாண்டு பிழைபட்டுப் போகும்.

இவை திருத்தத்தக்க பிழைகள். திருத்தவே இயலாதவாறு வளர்ந்து வரும் பெருங்குறை வேறொன்று உண்டு. இன்னாருக்கு ஆண்மக்கள் மூவர் என்று பெயர்களைத் தரும் நூல், பெண்மக்கள் இருவர் என்று எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. அம்மக்களைப் பெற்ற தாயின் பெயரோ பல பக்கங்களில் இல்லவே இல்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் இக்குறை இன்னும் வியப்பளிக்கிறது. அங்கெல்லாம் மகளுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை மனைவி வீட்டில் வந்து வாழ்வதும் நெடுநாள் வழக்கம். ஒரே கூரையின்கீழ் வழிவழியாக வாழ்ந்தவர்கள் தாயும் மகளும் பேத்தியுமே. அந்த வீட்டின் வரலாற்றை ஆண்வழியில் மட்டும் எழுதினால், அவ்வீட்டில் வந்து சேர்ந்தோரின் வரலாறு கிடைக்கும். அவ்வீட்டின் வரலாறு கிடைக்காது.

பெண்களின் பெயரை வெளியிடுவது நம் மரபன்று என்பாரும் உளர். அவர்கட்கு ஹிஜ்ரி 230இல் (கி.பி. 845) மறைந்த இப்னு ஸஅதின் 'தபகாத்' நூலைச் சுட்டுவோம். அப்பெருநூலின் இறுதிப் பகுதி முழுவதும் பெண்மணிகளுக்கே உரியது. ஸஹாபாக்களைப் பற்றி எழுதுமிடத்தும், அவர்தம் அன்னையார் யார், எந்த மனைவியின் வயிற்றில் எந்த மக்கள் பிறந்தனர் என்பதைப் பெரும்பாலும் பெயரோடு குறித்துச் செல்கிறார் அவர். நம் மரபு அதுவே. மறைத்தல் பின்னர் வந்தது.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. தாய்க்கும் மகளுக்கும் சகோதரிக்கும் வாரிசுரிமை வகுத்த மார்க்கம் நம்முடையது. பால்குடி உறவில் திருமணம் விலக்கப்பட்டுள்ளது. யார் யாருக்குப் பாலூட்டினார் என்பது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? வீட்டு மூதாட்டியின் நினைவில்தான் இருக்கிறது.

வேறொரு நினைவும் அவர்களிடமே இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, நம்மவருள் பலர் ரங்கூனை விட்டு மலையும் காடும் கடந்து நடந்தே புறப்பட்டனர். வழியில் மாண்டவர்க்கு மீசான் கல் இல்லை. கபுறு இருக்குமிடமும் தெரியாது. அவர்களின் கடைசிக் கடிதம் வந்த நாளை நெஞ்சில் வைத்திருந்தவர்கள் ஊரிலிருந்த மனைவியரும் சகோதரியருமே. இன்று அந்நினைவின் எச்சம் அவர்தம் முதிய பெண்மக்களிடமே இருக்கக்கூடும். பழைய வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கடிதங்களோ, படிப்பார் அருகியதால் பழந்தாள்களோடு எடைக்குப் போகின்றன.

ஆதலின் தொகுப்பாளர்களுக்கு நாம் கூறுவது இதுதான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெரியாரைத் தேடுமுன், உங்கள் உம்மாவின் உம்மா பெயரை எழுதுங்கள். அவருடைய உம்மாவின் பெயரைக் கேளுங்கள். சொன்னவர் யார், என்று சொன்னார் என்பதையும் குறியுங்கள்; ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுங்கு அது. அரபுத்தமிழ் ஏடு எதுவாயினும், படிக்கத் தெரிந்தவர் கண்ணில் படுமுன் வெளியேற்றாதீர்கள். அரபகத்து முன்னோர் இன்னும் நூறாண்டு காத்திருப்பார். வீட்டிலிருக்கும் மூதாட்டி காத்திருக்க மாட்டார்.