கதைப் பூனையும் வீட்டுப் பூனையும்

இலக்கியத்தைத் திறனாய்வு செய்வோர் உவமையின் அழகைக் காண்பர், கருத்தைக் காண்பர். உவமையில் வரும் விலங்கு உண்மையில் அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று பார்ப்பவர் சிலரே. அப்படிப் பார்த்தால் ஓரிடத்தில் கவிஞரின் கூரிய பார்வை விளங்கும். இன்னோரிடத்தில் நாம் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் பிழை வெளிப்படும். தமிழ் மக்கள் நன்கறிந்த மூன்று பூனைகளை இங்கே அறிவியல் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

கம்பரின் பூனை

இராமகாதையைத் தாம் பாட முற்பட்டதைக் கம்பர் அவையடக்கத்தில் ஒரு பூனையின் செயலுக்கு ஒப்பிடுகிறார். பாற்கடலின் கரையில் நிற்கும் பூனை, அதை முழுவதும் நக்கித் தீர்த்துவிட ஆசை கொள்கிறதாம். உரையாசிரியர்கள் இதில் அடக்கத்தையும் ஆசையையும் காண்கின்றனர். இயற்பியல் படித்தவர் இதில் ஒரு கணக்கையும் காணலாம்.

பூனை பாலை உறிஞ்சுவதில்லை. நாக்கைக் கரண்டிபோல் குழித்து மொள்ளுவதுமில்லை. 2010-இல் அமெரிக்காவில் ஸ்டாக்கர், ரெய்ஸ், யுங், அரிஸ்டாஃப் என்ற நால்வர் இதை அதிவேகப் படமெடுத்து ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். நாக்கின் நுனி பின்னோக்கி வளைந்து பாலின் மேற்பரப்பை இலேசாகத் தொடுகிறது. உடனே விரைந்து மேலேறுகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய பால்தூணும் எழுகிறது. நிலைமம் பாலை மேலே கொண்டுசெல்கிறது. புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இழுப்பு வென்று தூண் அறுந்து விழுவதற்குள் பூனை வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இது நடக்கிறது. சிங்கமும் புலியும் இதே முறையில்தான் குடிக்கின்றன. நாக்குப் பெரிதாகையால் வேகம் மட்டும் குறைவு.

ஒரு நக்கலுக்கு வாயில் சேர்வது சுமார் பத்தில் ஒரு மில்லிலிட்டர். ஆகவே நொடிக்கு 0.4 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் பால் குடிக்க நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். கடல் இருக்கட்டும். எங்கள் கோபிசெட்டிபாளையத்து வயல்களுக்கு நீர் வழங்கும் பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அது நிறையப் பால் இருந்து, பூனை இரவு பகல் ஓயாமல் நக்கினாலும் முடிக்க ஏழு கோடி ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அதாவது டைனசோர்கள் உலவிய காலத்தில் தொடங்கியிருந்தால்தான் இன்று முடிந்திருக்கும்! நக்கிக் குடிக்கும் விலங்குகளில் சிறியதொன்றைக் கவிஞர் தேர்ந்தது எவ்வளவு பொருத்தம் என்பதைக் கணக்கே சொல்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கு இரண்டு மரபணுக்கள் தேவை. பூனையினத்தில் அவற்றில் ஒன்று பழுதடைந்து கிடப்பதை 2005-இல் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தனர். பூனையை இழுப்பவை பாலின் கொழுப்பும் புரதமுமே. ஆசைப்பட்ட கடலின் இனிமையை அந்தப் பூனையால் அறியவே முடியாது! கம்பர் இதை அறிந்து பாடினார் என்று சொல்வது தவறு. ஆனால் இன்று படிக்கும் நமக்கு அந்த அடக்கம் இன்னும் ஆழமாகிறது.

தெனாலிராமனின் பூனை

அரசர் எலித்தொல்லையை ஒழிக்க வீட்டுக்கொரு பூனையும், அதற்குப் பாலூட்ட ஒரு பசுவும் கொடுக்கிறார். தெனாலிராமன் கொதிக்கும் பாலை வைக்க, நாக்கு வெந்த பூனை அதன்பின் பாலைக் கண்டாலே ஓடுகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்ற பழமொழிக்கு இசைந்த நிகழ்ச்சிதான் இது, இதில் குறையில்லை.

குறை அரசரின் ஆணையில் இருக்கிறது. எலி பிடிக்க வந்த பூனைக்குப் பாலை ஏன் உணவாக்க வேண்டும்? பால் குடித்த பூனைகள் கொழுத்தன, குடிக்காத பூனை மெலிந்தது என்று கதை சொல்கிறது. கதை கேட்கும் குழந்தையின் மனத்தில் பாலே பூனையின் உணவு என்று பதிந்துவிடுகிறது. உண்மை வேறு. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குட்டி பால்குடி மறந்தபின் குறைந்துவிடுகிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கையே தரும்.

இதைவிடக் கடுமையானது டாரின் குறை. டாரின் என்பது இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஓர் அமிலம். நம் உடல் அதைத் தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடல் போதிய அளவு தயாரிக்காது. தாவர உணவில் அது இல்லையென்றே சொல்லலாம். பசும்பாலில் மிகச் சொற்பம். பாலின் புரதமான கேசீனையே புரத உணவாகத் தந்து வளர்த்த பூனைகளின் விழித்திரை அழிந்ததை 1975-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அப்படிப் போன பார்வை திரும்புவதில்லை. இக்குறையால் இதயமும் வீங்கி வலுவிழக்கும் என்பது 1987-இல் தெரியவந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்கிறோம். பாலும் தயிர்சோறும் மட்டுமே ஊற்றி வளர்த்தால் அந்தப் பூனையின் பூலோகம் உண்மையிலேயே இருண்டுவிடும்.

செடிப் பெயரில் ஒரு பூனை

மூன்றாவது பூனையைப் படைத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. நம் வாய்க்கால் கரைகளிலும் குப்பைமேடுகளிலும் வளரும் குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றொரு பெயருண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து முகர்ந்து, கடித்து, அதன்மேல் புரளும். இது வெறும் கட்டுக்கதையன்று. மேலைநாட்டுப் பூனைகளை மயக்கும் செடியிலுள்ள வேதிப்பொருளுக்கு நெருங்கிய உறவான பொருள்கள் குப்பைமேனி வேரிலும் இருப்பதை 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினர். ஜப்பானில் இதே குணமுள்ள ஒரு கொடியை ஆராய்ந்தவர்கள், பூனை அதில் புரள்வதால் அதன் உடலில் கொசுவை விரட்டும் பொருள் பூசப்படுகிறது என்று 2021-இல் காட்டினர். பசியினால் அன்றித் தற்காப்புக்காகவும் விலங்கு ஒரு பொருளை நாடலாம் என்பது இதனால் விளங்குகிறது.

மூவரில் யார் பூனையை உற்றுப் பார்த்தவர்? செடிக்குப் பெயரிட்டவருக்கே முதலிடம் தரலாம். தாம் கண்டதை மட்டும் அவர் சொன்னார். கம்பர் அடுத்தவர். தெனாலிராமன் கதை சிரிக்கவைக்கிறது. ஆனால் பூனை வளர்ப்புக்கு அது வழிகாட்டியாகாது.

கொங்கு நாட்டில் புலால் உண்ணாத வீடுகள் பல. அவ்வீடுகளிலும் நெல் மூட்டைக்காகவோ அன்பினாலோ பூனை வளர்க்கின்றனர். அவர்கள் தங்கள் நெறியை விடவேண்டியதில்லை. பூனையின் உடலுக்கு அந்நெறி பொருந்தாது என்பதை ஏற்றால் போதும். மீனோ, கோழியின் இதயமோ சிறிதளவு வேகவைத்து, வேகவைத்த நீரோடு சேர்த்து வைக்கலாம். டாரின் நீரில் கரைவதால் அந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் டாரின் சேர்த்த பூனை உணவை வாங்கிக் கொடுக்கலாம். கிண்ணத்தில் பாலுக்குப் பதிலாக நல்ல தண்ணீர் இருக்கட்டும். பூனை அதையும் அதே அழகோடுதான் நக்கிக் குடிக்கும்.