வாளும் பிடியும்

ஒரு மொழியைக் கற்பது வேறு. அம்மொழியின் வழியாக மட்டுமே கற்கலாம் என்ற நிலையில் நிறுத்தப்படுவது வேறு. இவ்வேற்றுமையை நம் நாட்டு விமரிசகர்கள் போதிய அளவு வற்புறுத்தவில்லை என்பதே நாம் இங்குக் கூற விழைவது.

பதுளையில், பசறை வீதியில், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பத்தையே ஒரு பட்டப் படிப்பாக வகுத்த கல்விக்கூடம் அது. சுற்றிலும் மலைகள், அம்மலைகளில் கொழுந்தெடுக்கும் நம் தாய்மார்கள். ஆனால் அக்கொழுந்தைப் பற்றிய விஞ்ஞானம் அங்கே ஆங்கிலத்தில் போதிக்கப்படுகிறது. 1960களில் கலைப் பாடங்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறிய பின்னரும், பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானமும் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தை விட்டு அகலவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பதுளையும் மொனராகலையும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கொள்ளப்படுகின்றன; அத்தகைய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. வாசற்படியை அரசு தாழ்த்தியது நன்றே. ஆயின், உயர்தரம் வரை பௌதிகமும் இரசாயனமும் தமிழிலேயே பயின்று, லயத்து அறையிலிருந்து அப்படியேறி வரும் மாணவியை உள்ளே எதிர்கொள்வது அவள் செவி பழகாத ஒரு மொழி.

அம்மொழிக்குச் சிங்கள மாணவர்கள் இட்ட பெயர் ‘கடுவ’. வாள் என்பது அதன் பொருள். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் வெளிவந்த தம் ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலேயே இச்சொல்லை வைத்து, இந்நாட்டில் ஆங்கிலம் அதிகாரத்தின் ஆயுதமாக இயங்கும் விதத்தை ஆராய்ந்தார். ஆங்கிலம் வாராமையை மாணவனின் மந்தபுத்தி என்று பேசுவோர்க்கு அக்கட்டுரை தக்க மறுமொழி. குறையின் வேர் சமுதாய அமைப்பில் இருப்பதை நமக்கு அது தெளிவாக்குகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்த சுரேஷ் கனகராஜா, ஆங்கிலக் கல்வியில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல் பற்றி 1999இல் வெளியிட்ட நூல் வகுப்பறைக்குள்ளேயே நம்மை அழைத்துச் செல்கிறது. அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் பாடநூல் ஒன்று கிராமப்புறத்து ஏழை மாணவர் கையில் இருக்கிறது. அதன் ஓரங்களில் அவர்கள் தமிழ்க் குறிப்புகள் எழுதுகிறார்கள், படங்கள் வரைகிறார்கள். வெறும் கிறுக்கல் என்று நாம் தள்ளிவிடக்கூடியதை அவர் எதிர்ப்பின் குரலாகப் படிக்கிறார். அதே மாணவர்கள் பரீட்சையை எண்ணி இலக்கணத்தை நாடியதையும் அவர் மறைக்கவில்லை. இந்நேர்மை பாராட்டத்தக்கது.

எனினும் நாம் ஒன்று கேட்க வேண்டும். அவர் கண்ட மாணவர்கள் முதலாண்டுக் கலை மாணவர்கள். ஆங்கிலம் அவர்களுக்குப் பல பாடங்களுள் ஒன்று. அதில் தளர்ந்தாலும் தங்கள் துறையைத் தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுத அவர்களுக்கு வழி இருந்தது. விஞ்ஞான மாணவிக்கு அவ்வழி இல்லை. விரிவுரையும் ஆங்கிலம், ஆய்வுக்கூட அறிக்கையும் ஆங்கிலம், விடைத்தாளும் ஆங்கிலம். அவள் ஆங்கிலத்தை எதிர்த்தால் இழப்பது இரசாயனத்தை. எதிர்ப்பைப் போற்றும் விமரிசனம் இவ்விடத்தில் போதாது. வாளின் கூர்மையை நன்கு வருணித்தோம். அதன் பிடியை அவள் கையில் கொடுப்பது எவ்வாறு என்பதை இனிப் பேச வேண்டும்.

தடை சொற்களில் இருப்பதாகப் பலரும் கருதுகின்றனர். அது தவறு. தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்து செந்நிறமாவதை நொதித்தல் என்று வழங்கினாலும், அது நுண்ணுயிர்களின் வேலையன்று. இலையிலேயே உள்ள நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றம். ஒட்சியேற்றம் இன்னதென்று அவள் பாடசாலையிலேயே அறிந்தவள். பிரசாரணம், ஆர்முடுகல், திணிவு என்று நம் பாடநூல்கள் ஒரு சொற்செல்வத்தையே அவளுக்கு அளித்துள்ளன. அவற்றுக்குரிய ஆங்கிலப் பெயர்களை மனனம் செய்வது பெரிய காரியமன்று.

உண்மையான தடை வாக்கியத்தில் இருக்கிறது. ‘கரைசலைச் சூடாக்கினோம்’ என்பது அறிக்கையில் ‘கரைசல் சூடாக்கப்பட்டது’ என்றாகிறது, செய்தவர் மறைகிறார். அடுத்த வரியில் ‘கரைசலைச் சூடாக்கியமை’ என்று வினையே பெயராகி எழுவாயின் ஆசனத்தில் அமர்கிறது. இவ்வாறு பெயர்மேல் பெயர் அடுக்கிய நீண்ட வாக்கியத்தில், ஒவ்வொரு சொல்லும் தெரிந்தும் பொருள் பிடிபடாமல் மாணவி திகைக்கிறாள். இதனினும் நுட்பமானது நிச்சயத்தின் அளவு. ஒரு முடிவு ‘நிறுவப்பட்டது’ என்பதற்கும், ‘சான்று அவ்வாறு காட்டுகிறது’ என்பதற்கும், ‘அவ்வாறு இருக்கலாம்’ என்பதற்கும் இடையே விஞ்ஞானத்தின் நேர்மையே அடங்கியிருக்கிறது. மலைமேல் மேகத்தைக் கண்டு ‘மழை வரும்போல’ என்று சொல்லும் தாயின் மகளுக்கு இந்த நுட்பம் புதிதன்று. அதிலிருந்து பாடத்தைத் தொடங்கும் ஆசிரியரே அவளுக்குத் தேவை. தன்னை அறிமுகம் செய்துகொள்வதோடும் கடிதம் வரைவதோடும் நின்றுவிடும் பொது ஆங்கிலம் அவளுக்கு ஆய்வுக் கட்டுரையின் கதவைத் திறக்காது.

தமிழால் உயர்ந்த விஞ்ஞானம் இயலாதென்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கற்பிப்பவர் மாணவரின் மொழியை நோக்கி நடந்த வரலாறு அது. இன்று முழுச் சுமையும் மாணவியின் தலைமேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஆகவே, முதலாண்டிலேனும் கடினமான கருத்துகளை மாணவரின் தாய்மொழியிலும் விளக்க வேண்டும். அறிக்கை எழுதும் முறையை விஞ்ஞான ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்தே கற்பிக்க வேண்டும். இரசாயன விடையில் இரசாயனத்துக்கே புள்ளி இட வேண்டும். இலக்கணப் பிழைக்காக அறிவைத் தண்டிக்கலாகாது. இவை சலுகைகள் அல்ல, நியாயங்கள்.

மாணவிக்கும் ஒரு கடமை உண்டு. களைக்கொல்லி மனித உடலுக்கு என்ன செய்யும் என்பதை ஆங்கில ஆய்வுகளில் படித்தறிபவள், முதுகில் மருந்துக் கலனைச் சுமக்கும் தன் தோட்டத்து அண்ணனுக்கு அதனைத் தமிழில் சொல்லியாக வேண்டும். அவள் கற்ற ஆங்கிலம் அவளை லயத்திலிருந்து மீட்பதோடு முடிந்துவிட்டால், அந்த வாள் கை மாறியதேயன்றி வேறு பயன் விளைந்ததாகாது.