‘ஆண்கள்’ என்று எழுதாத ஓபன்

இதழியல் தாளுக்காக மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன்: சென்னையில் நடந்த சர்வதேச டென்னிஸ் போட்டிகள் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: சென்னை ஓபன் 1997 முதல் 2017 வரை நடந்தது, 2022இல் மகளிர் சென்னை ஓபன் நடந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவளே கேட்டாள்: “மேடம், ரெண்டாவதுக்கு மகளிர்னு போட்டிருக்கேன். மொதல்லதுக்கு ஒண்ணும் போடலையே, தப்பா?”

தப்பு அவளுடையது அல்ல. நுங்கம்பாக்கம் அரங்கில் 21 ஆண்டுகள் தொடர்ந்து நடந்த அந்தப் போட்டியில் ஆண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர் என இரண்டே பிரிவுகள். பெண்கள் பிரிவு என்ற ஒன்றே கிடையாது. ஆனால் அதன் பெயரில் எப்போதும் ‘ஆண்கள்’ இல்லை. தொடக்க ஆண்டுகளில் அது ‘கோல்ட் பிளேக் ஓபன்’. பெயரில் சிகரெட்டுக்கு இடம் இருந்தது. ‘ஆண்கள்’ என்ற சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை. ஓபன் என்றால் எல்லோருக்கும் திறந்தது என்றல்லவா பொருள்?

1998இல் இங்கே ஒற்றையர் பட்டம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் ராஃப்டர். அதே ஆண்டு ஜனவரியில் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், ஆஸ்திரேலிய ஓபனின் முதல் சுற்றில் வென்றார். டென்னிஸின் ஓபன் காலகட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் அப்படி ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் என்று இன்றும் அவரைச் சொல்கிறோம். மெல்போர்னில் அவருக்கு ஆட இடம் இருந்தது. தன் மாநிலத் தலைநகரில் நடந்த ‘ஓபனில்’ இல்லை.

நான் அந்தப் போட்டிகளை ரசிக்காதவள் அல்ல. ஸ்டான் வாவ்ரிங்கா நான்கு முறை இங்கே கோப்பை வாங்கினார். அவருடைய ஒற்றைக் கைப் பின்கை வீச்சைப் பார்ப்பதற்காகவே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறேன். 2008 அரையிறுதியில் நடாலும் மோயாவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆடினார்கள். அதில் வென்ற நடால், மறுநாள் இறுதியில் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். ஓர் உடலால் எவ்வளவு தாங்க முடியும், எங்கே அது நின்றுவிடும் என்பதைக் கண்முன் காட்டியது அந்த ஆட்டம். குறை ஆட்டத்தில் இல்லை, அதைச் சொல்ல நாம் வைத்திருக்கும் மொழியில் இருக்கிறது.

நம் விளையாட்டுப் பக்கங்கள் ஆடும் ஆணை ‘வீரர்’ என்கின்றன. இலக்கணப்படி அது பலர்பால் ஈறு. மரியாதைக்காக ஒருவருக்கும் வரும். பெண்ணையும் அது தாராளமாக உள்ளடக்கும். ஆனாலும் பெண் மட்டை பிடித்ததும் ‘வீராங்கனை’ ஆகிவிடுகிறாள். வீரத்தோடு ஓர் ‘அங்கனை’யை ஒட்டுகிறோம். அங்கனை என்பது வடமொழிவழி வந்த சொல். அழகிய உறுப்புகளை உடையவள் என்பது அதன் அடிப்பொருள். ஆணுக்கு வீரம் மட்டும் போதும். பெண்ணுக்கு வீரத்தோடு உடலழகுச் சான்றிதழும் வேண்டும். ‘கவிஞர்’ இருக்க ‘பெண் கவிஞர்’ என்று என்னை மேடைக்கு அழைப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

2017 விம்பிள்டன் காலிறுதியில் சாம் குவெர்ரியிடம் தோற்ற ஆண்டி முர்ரே செய்தியாளர்கள் முன் அமர்ந்திருந்தார். 2009க்குப் பிறகு பெரிய போட்டியொன்றின் அரையிறுதிக்கு வந்த முதல் அமெரிக்கர் குவெர்ரி என்று ஒருவர் கேள்வியைத் தொடங்க, முர்ரே குறுக்கிட்டு ‘ஆண்களில்’ என்று திருத்தினார். இடைப்பட்ட ஆண்டுகளில் செரீனா வில்லியம்ஸ் வென்ற பட்டங்களைக் கேள்வி கேட்டவர் மறந்திருந்தார். திருத்தத்துக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல்தான். அதைக்கூட ஓர் ஆண் சொன்னபோதுதான் உலகம் கேட்டது என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

அடுத்த சொல் ‘ஒற்றையர்’. தனியாக நின்று வெல்பவர் என்ற கற்பனை அதில் இருக்கிறது. சென்னை ஓபனில் எந்த இந்தியரும் ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. 2009இல் சோம்தேவ் தேவ்வர்மன் இறுதிவரை வந்து மரின் சிலிச்சிடம் தோற்றார். இரட்டையரில் லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி இணை ஐந்து முறை வென்றது. ஆனால் டென்னிஸில் பெரும் பரிசும் பெரும் புகைப்படமும் ஒற்றையருக்குத்தான்.

அந்த ஒற்றையரும் ஒற்றையர் அல்லர். சென்னை டென்னிஸின் புகழ்பெற்ற பெயர் விஜய் அம்ரித்ராஜ். அவர் தாய் மேகி அம்ரித்ராஜ் சொந்தமாகத் தொழில் நடத்தியபடி மூன்று மகன்களை வளர்த்தார். மூவரும் விம்பிள்டனில் ஆடினார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது ‘மகன்களை உருவாக்கிய தாய்’ என்ற இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இது நமக்குப் பழைய பழக்கம். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், உறவுகளைப் போரில் இழந்த பின்னும் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்புகிறாள். மூதின் முல்லை என்று துறை வகுத்துப் போற்றினோம். களம் அவனுக்கு, அனுப்பும் பெருமை அவளுக்கு.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு ‘ஒற்றையர்’ என்ற சொல்லை நம்புவது கடினம். கோர்வைப் புடவைக்குக் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். எங்கள் தெருவில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். தார் சுற்றுவதும் அவள்தான். புடவை முடிந்ததும் ‘அவர் நெய்தது’ என்கிறோம்.

2022 செப்டம்பரில் அதே நுங்கம்பாக்கத்தில் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா முதல் செட்டை இழந்து, மக்தா லினெட்டை வென்று பட்டம் வாங்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகள் போட்டி இல்லை. 2025இல் மீண்டும் நடந்தது; இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென் வென்றார். ஆண்களுக்கு 21 ஆண்டுத் தொடர்ச்சி, பெண்களுக்கு இடைவெளி விட்டு இரண்டு முறை. அமெரிக்க ஓபன் 1973இலும் விம்பிள்டன் 2007இலும் இருபாலருக்கும் சமப் பரிசுக்கு வந்தன. பரிசுத்தொகையை எண்ணிப் பார்த்துச் சமமா என்று கேட்டுவிடலாம். தொடர்ச்சியைக் கேட்டு வாங்குவது அதைவிடக் கடினம். அடுத்த ஆண்டும் இந்தக் களம் இருக்கும் என்று தெரிந்தால்தான் பத்து வயதுப் பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்ப ஒரு வீடு துணியும்.

மாணவியின் தாளில் முதல் வரியில் ‘ஆண்கள்’ என்று சேர்க்கச் சொன்னேன். எழுதினாள். சில வாரம் கழித்து உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தாள். தந்தை தொழில்: நெசவு. தாய் தொழில் என்ற இடம் காலியாக இருந்தது.

“அம்மா கோர்வைக்கு உக்காருவாங்க மேடம். ஆனா கார்டு அப்பா பேர்லதான் இருக்கு. நெசவுன்னு எழுதலாமா?”

எழுது என்றேன். பேனாவைத் திறந்தவள் சற்றுத் தயங்கி, “ஆபீஸ்ல கேட்டா?” என்றாள். உன் அம்மா கைக்காகத் தறி காத்திருக்கும் நேரத்தைச் சொல் என்றேன். அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.