குரல் வரும்வரை

திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாத கைபேசி பார்வையற்றவருக்கு உபயோகப்படாது. அந்தச் சொல்லும் ஏற்பாட்டின் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்கிற சுதந்திரமும் சேர்ந்து கிடைத்தால் நடைமுறையில் அதனால் என்ன லாபம் என்று பரீட்சிக்கும் பொருட்டு, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட திறந்த இயங்குதளமான கிராஃபீன்ஓஎஸ் நிறுவிய பிக்ஸல் கைபேசி ஒன்றை, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி வைத்திருக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் பழகச் சொன்னேன். பாவு, ஊடை, ஜரிகை வரவு செலவெல்லாம் அவர் கைபேசியில்தான்.

கிராஃபீன்ஓஎஸ்-இல் திரையை வாசிப்பது டாக்பேக் என்ற திரைவாசிப்பானின் ஒரு கிளை. 2009-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்த டாக்பேக்கின் பின்னணியில், புனேயில் பிறந்து, பதினான்கு வயதில் கிளாக்கோமாவால் பார்வையிழந்து, பின்னர் கூகுளில் பணியாற்றிய டி. வி. ராமனின் உழைப்பு உண்டு. எதைப் படிப்பது என்று தீர்மானிப்பதோடு டாக்பேக்கின் காரியம் முடிந்தது. உச்சரிக்க வேறொரு நிரல் வேண்டும். தமிழுக்காக எஃப்-டிராய்டு என்ற திறந்த செயலிக் களஞ்சியத்திலிருந்து ஈஸ்பீக் என்ஜியை இறக்கினேன்.

மனிதக் குரலைப் பதிவுசெய்து ஒட்டாமல், ஒலிகளைக் கணக்கிட்டே பிறப்பிப்பதால், அது சில மெகாபைட்டில் அடங்கி, இணையமின்றியும் பேசுகிறது; ஆனால் என் செவிக்கு அந்தக் கரகரத்த யந்திரக் குரல் சகிக்கவில்லை. நண்பரோ, "இன்னும் வேகமா வைங்க சார், தெளிவாத்தானே இருக்கு" என்றார். நான் ஒரு சொல்லைக் கூடப் பிடிக்க இயலாத வேகத்தில், பக்கத்துத் தறியின் சப்தத்துக்கு நடுவே, ஒற்றைக் காதில் இயர்போனுடன், வலப்புறம் விரலைத் தள்ளித் தள்ளி அடுத்தடுத்த வரிகளைக் கேட்டு, வேண்டிய இடத்தில் இருமுறை தட்டி, வங்கிக் குறுஞ்செய்தியின் தொகையை எனக்கு ஒப்பித்தார். குரலின் இனிமையைப் பற்றிய என் அபிப்பிராயத்துக்கு இங்கே மதிப்பில்லை.

ஒரு கணக்குச் செயலியில் மட்டும் "பெயரில்லாத பொத்தான்" என்ற அறிவிப்பே திரும்பத் திரும்ப வந்தது. டாக்பேக்கில் நாமே அதற்குப் பெயர் சூட்டிக்கொள்ளலாம். ஆனால் அது அந்தக் கைபேசியோடு நின்றுவிடும். மூல நிரலிலேயே ஒரு வரி சேர்த்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும். திறந்த செயலியில் அதை யாரும் எழுதி அனுப்பலாம், மூடிய செயலியில் மனுப் போட்டுக் காத்திருப்பதே வழி.

சங்கடம் வாசலில் இருக்கிறது. கிராஃபீனை நிறுவுமுன், கைபேசியைத் துவக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்கவேண்டும். அந்தத் திரையில் ஒலிப் பொத்தானால் தேர்ந்து, பவர் பொத்தானால் சம்மதம் சொல்லும்வரை கைபேசி ஊமை. நிறுவிய பிறகும், அணைத்துப் போடும்போதெல்லாம், முதல் பூட்டுத் திறக்கும்வரை தரவுகள் மறையாக்கத்தில் கிடப்பதால், அந்நிலையிலும் இயங்குமாறு எழுதப்பட்ட குரல் நிரல்களே பேசும். பார்வையுள்ள ஒருவர் உடனிருந்து ஆயத்தம் செய்து தராமல் இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை. பிக்ஸலன்றி வேறு கைபேசியில் ஏறாது என்பது இன்னொரு தடை.

நண்பர் பிக்ஸலைத் திருப்பித் தந்துவிட்டார். தம்முடைய பழைய ஆண்ட்ராய்டில் ஈஸ்பீக்கை மட்டும் போட்டுக் கொடுக்கச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன்.